பென்சில் கோடு விழாத பக்கங்கள்

இரண்டு மாதத்துக்கு முன் சித்தி மகன் திருப்பூரிலிருந்து கூப்பிட்டான். பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், இருபத்தாறு வயது. வீட்டு விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஷேர் மார்க்கெட் டிரேடிங் கத்துக்கலாம்னு இருக்கறனுங்க்கா. உங்ககிட்டத்தான் நெறையப் புக்கு இருக்குதே, எதை மொதல்ல படிக்கறது? ரூம்ல இருக்கற பசங்க புக்கெல்லாம் வேஸ்ட்டு, நேராப் பணத்தைப் போட்டாத்தான் பழகும்ங்கறாங்க. நெசமாங்க்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அலமாரியில் பதினோரு புத்தகம் இருக்கிறது. அத்தனையையும் படித்தவள் நான். படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை இழந்தவளும் நான்தான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் "அப்போ புக்கு வேஸ்ட்டுதானே" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதை அவனுக்கு எழுதத் தொடங்கினேன். அவனைப் போலக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில், பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கைப் போனிலேயே தொடங்கினேன். ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை. பட்டறை மூடிக்கிடந்த மாதங்களில் கையில் நேரம் இருந்தது. வாங்கிய பங்கெல்லாம் ஏறியது. அந்த ஆண்டு மார்ச் வீழ்ச்சிக்குப் பிறகு சந்தையில் பெரும்பாலும் எல்லாமே ஏறின என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆப்ஷன் பக்கம் வந்தேன். குறித்த விலையில் குறித்த நாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தருகிற ஒப்பந்தம் அது. அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை, படித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்தப் படிப்பின் பெரும்பகுதி ஒரே புத்தகத்திலிருந்து வந்தது. கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். விலையின் போக்கை வரைபடமாகப் பார்ப்பது பற்றி ஓர் அமெரிக்கர் எழுதிய தடித்த சார்ட் புத்தகம், அட்டையின் ஓரம் மடிந்திருந்தது. முன்பு யாரோ ஒருவர் அதை மிகுந்த அக்கறையோடு படித்திருக்கிறார். ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், டபுள் டாப், முக்கோணம், ஹேமர் என்று விலை வரைபடத்தில் தெரியும் ஒவ்வொரு வடிவத்துக்கும் அடியில் தடித்த பென்சிலால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். நானும் அதன் மேலேயே மெல்லிய பென்சிலால் என் கோடுகளைப் போட்டேன். முகம் தெரியாத அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போல இருக்கும்.

2022 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. ரஷ்யா, உக்ரைன் செய்தியால், ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டி பெரிய கேப் டவுனில், அதாவது முந்தைய நாள் முடிவுக்கு வெகு கீழே, திறந்தது. மாலைக்குள் விழுந்ததில் பாதிக்கு மேல் மீட்டுவிட்டது. அன்றைய கேண்டிலை, அதாவது அன்றைய தொடக்கம், முடிவு, உச்சம், தாழ்வு நான்கையும் காட்டும் கட்டையை, பார்த்ததும் புத்தகத்தில் கோடு போட்ட படம் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. விலையைக் கீழே விடாமல் தாங்கும் சப்போர்ட் மட்டத்தைத் தொட்டுத் திரும்பிவிட்டது, இனி மேலேதான். புதன்கிழமை மதியம், மறுநாள் எக்ஸ்பைரி ஆகிற, அதாவது காலாவதியாகிற, கால் ஆப்ஷன்களை வாங்கினேன். சந்தை ஏறினால் லாபம் தருபவை அவை. கணக்கில் இருந்தது 1,90,000 ரூபாய். போட்டது 58,000.

வியாழக்கிழமை சந்தை திறக்கும் முன்பே ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்துவிட்டன. அன்று நிஃப்டி 815 புள்ளி விழுந்து 16,247-இல் முடிந்தது. ஒன்பதே காலுக்கு நான் பார்த்த பிரீமியத்தில் விற்று எடுக்க எதுவுமே மிச்சமில்லை. அலுவலகத்தில் அன்று ஜிஎஸ்டி வேலை இருந்தது. எண்களைத் தட்டச்சு செய்தபடியே இருந்தேன், எதுவும் கண்ணில் பதியவில்லை.

எந்த சிக்னலைத் தவறவிட்டேன் என்று கண்டுபிடிப்பதற்காக இரவு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். படங்கள் இருந்த அத்தியாயங்களைப் புரட்டித் தாண்டி, கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன். பண மேலாண்மை பற்றிய அத்தியாயம். ஒரு டிரேடில் மொத்த முதலீட்டில் எத்தனை சதவீதம் வரை இழக்கலாம், அதிலிருந்து எத்தனை லாட் (ஒரு தடவைக்கு வாங்க வேண்டிய குறைந்தபட்சத் தொகுதி) எடுக்கலாம் என்று கணக்குப் போடுவது எப்படி, தொடர்ந்து தோற்றால் அளவை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. பரவலாகச் சொல்லப்படும் இரண்டு சதவீத அளவை வைத்துப் பார்த்தால் அன்று நான் இழக்க அனுமதியுள்ள தொகை 3,800 ரூபாய். நான் இழந்தது முப்பது சதவீதம்.

அந்தப் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. முன்னால் வைத்திருந்தவரின் தடித்த கோடும் இல்லை, என் மெல்லிய கோடும் இல்லை. அச்சாகி வந்த நாளில் இருந்தபடியே வெள்ளையாக இருந்தன. நான் அவற்றைப் படிக்காமல் விடவில்லை. முதல் வாசிப்பில் கண் ஓடியிருக்கிறது, தலை ஆடியிருக்கிறது, பென்சிலை எடுக்கத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு வேறு ஆட்களின் புத்தகங்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். அலுவலக நண்பர் ஒருவருடையது, உக்கடத்தில் மறுபடி வாங்கிய இரண்டு, என்னுடைய மற்றவை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே கதைதான். "எங்கே வாங்குவது" என்று சொல்லும் பக்கங்கள் அழுக்கேறியிருந்தன. "எவ்வளவு வாங்குவது, எப்போது விட்டுவிட்டு வெளியே வருவது" என்று சொல்லும் பக்கங்கள் புதிதாக இருந்தன. புத்தகம் உதவவில்லை என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர், உதவக்கூடிய பகுதியைத் தாண்டி ஓடியவர்கள் என்று எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அந்தப் பக்கங்களில் இருப்பது பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு லட்சத்தோடு தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு தோல்வியிலும் இருப்பதில் 2 சதவீதம் போனால், தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் கையில் 81,700 இருக்கும். 10 சதவீதம் போட்டால் அதே பத்துத் தோல்வியில் 35,000-க்கும் கீழே வந்துவிடும். நான் செய்தது போல 30 சதவீதம் போட்டால் மூன்றே தோல்வியில் 34,300. பாதி போய்விட்டால் பழைய இடத்துக்கு வர இருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும். "தொடர்ந்து எங்கே அத்தனை முறை தோற்கப் போகிறோம்" என்று தோன்றும். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுங்கள். எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவதற்கான வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல். ஆறு முறை விழவும் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதாவது பாதி டிரேடுகளில் ஜெயிக்கிற நல்ல ஆளுக்குக்கூட ஐந்து தொடர் தோல்வி வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பணம் கட்டித் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் புத்தகத்தைவிட மலிவான வாத்தியார் கிடையாது.

அப்படியென்றால் கோடு போட்ட பக்கங்கள்? அவற்றை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கிற முறையை மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு அது புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

புத்தகத்தில் ஒரு ஹேமர் படம் இருக்கிறது. விலை இறங்கி இறங்கி வருகிறது, நீண்ட வாலோடு ஒரு சின்ன உடம்புக் கேண்டில், அதற்குப் பின் சரசரவென்று ஏற்றம். அம்புக்குறி போட்டு "இங்கே வாங்கு". ஒருநாள் கல்யாணப் பத்திரிகை வந்த கவரை எடுத்து, அந்தக் கேண்டிலுக்கு வலப்பக்கம் இருந்ததையெல்லாம் மூடினேன். மூடியதும் அந்தப் படமே வேறாகிவிட்டது. இப்போது தெரிவது இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு சந்தை, அவ்வளவுதான். இதே போல இடப்பக்கத்தில் இன்னும் இரண்டு வால் நீண்ட கேண்டில்கள் இருந்தன. அவற்றுக்குப் பிறகு விலை ஏறவே இல்லை, அவற்றுக்கு அம்புக்குறியும் இல்லை. கவர் இல்லாமல் பார்த்தபோது அவை கண்ணில் பட்டதே இல்லை.

நேரலையில் இது இன்னும் கடினம். பதினைந்து நிமிடக் கேண்டில் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும்போது பத்தாவது நிமிடத்தில் அருமையான ஹேமராக இருக்கும். பதினாலாவது நிமிடத்தில் அது சாதாரணச் சிவப்புக் கேண்டிலாகிவிடும். அச்சில் வருகிற கேண்டில் எப்போதும் முடிந்துபோன கேண்டில். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு முடிவு தெரியும். எழுதுகிறவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவே இல்லை. பாடம் விளங்க வேண்டுமென்று தெளிவான உதாரணம் தேடுவது எந்த ஆசிரியரும் செய்வதுதான். நாம்தான் உதாரணத்தை வழக்கம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

வடிவங்களும் குறிகளும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வதும் உதவுகிறது. எல்லோரும் போனில் வைத்திருக்கிற ஆர்எஸ்ஐ-யை, விலை எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை 0 முதல் 100 வரையான எண்ணாகக் காட்டும் குறியை, உருவாக்கியவர் வெல்ஸ் வைல்டர், அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர். 1978-இல் வெளியிட்டார். நாள் முடிவு விலைகளை வைத்துக் கையால் கணக்குப் போடும் காலம் அது. அதில் வழக்கமாக வைக்கும் 14 என்ற எண் பதினான்கு நாட்களைக் குறித்தது. அதை இன்று மூன்று நிமிட சார்ட்டில் வைத்து 30-க்குக் கீழே வந்தால் வாங்குகிறோம். செய்யக் கூடாது என்றில்லை. ஆனால் அவர் செய்து பார்த்தது வேறு, நாம் செய்வது வேறு என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

அச்சேறியபின் ஒரு வழிமுறையின் பலன் குறையும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மெக்லீன், பாண்டிஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பங்குகளின் வருவாயை முன்கூட்டிக் காட்டுவதாக ஆய்விதழ்களில் வெளியான 97 குறிகளை எடுத்துச் சோதித்து 2016-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெளியான பிறகு அவற்றின் பலன் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்று அந்தப் பலனில் ஒரு பகுதி முதலிலேயே தற்செயல், அல்லது படித்தவர்களெல்லாம் போய் அதை எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். கல்வி ஆய்வுக்கே இந்தக் கதி என்றால், லட்சக்கணக்கில் விற்ற புத்தகத்தின் அம்புக்குறி நமக்கென்று எவ்வளவு மிச்சம் வைத்திருக்கும்?

இவ்வளவையும் படித்தால் என் தம்பியின் ரூம் நண்பர்கள் "அதைத்தான் நாங்களும் சொல்றோம், பணத்தைப் போட்டுப் பழகு" என்பார்கள். அங்கேதான் நான் அவர்களோடு கடுமையாக மாறுபடுகிறேன். பணம் போட்டால் பழகிவிடும் என்றால், போட்டவர்களின் கணக்கு அதைக் காட்ட வேண்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மார்ச் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்களில், இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தொடர்ந்து நஷ்டம் கண்டபிறகும் அவர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் டிரேட் செய்வதை நிறுத்தவில்லை. பிரேசிலில் 2013 முதல் 2015 வரை ஃப்யூச்சர்ஸில் (பின்னாளில் வாங்க விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) அன்றே வாங்கி அன்றே விற்கும் டே டிரேடிங் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. 300 நாட்களுக்கு மேல் விடாமல் செய்தவர்களிலேயே 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். முந்நூறு நாள் அனுபவம்! அனுபவம் தானாக எதையும் கற்றுத் தருவதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாதவனுக்கு அது ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறது.

கற்றுக்கொடுத்து ஒருவரை டிரேடர் ஆக்க முடியுமா என்ற கேள்வியைப் பணம் கட்டியே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற கமாடிட்டி (சரக்குச் சந்தை) டிரேடரும் அவர் நண்பர் வில்லியம் எக்ஹார்ட்டும் 1983-இல் இதைப் பற்றித் தர்க்கம் செய்தார்கள். கற்றுக்கொடுத்து உருவாக்கலாம் என்றார் டென்னிஸ், முடியாது என்றார் எக்ஹார்ட். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆட்களை எடுத்து, இரண்டு வாரம் போல வகுப்பு நடத்தி, டென்னிஸ் தன் சொந்தப் பணத்தையே அவர்கள் கையில் கொடுத்தார். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் அவர்களுக்கு "ஆமைகள்" என்று பெயர் வைத்தார். பலர் பெரிய லாபம் ஈட்டினார்கள்.

அந்த ஆமைகளின் விதிகள் இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியில் கிடைக்கின்றன. நுழைவு விதியின் சாரம் ஒரே வரி: கடந்த 20 நாள் உச்சத்தை விலை தாண்டினால் வாங்கு. இதில் மர்மம் எதுவும் இல்லை. மீதிப் பக்கங்கள் முழுக்க, விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அதற்கேற்ப எவ்வளவு வாங்குவது, இரண்டு சதவீதத்துக்கு மேல் போகாமல் எங்கே வெட்டிவிட்டு வருவது, எத்தனை பொசிஷன் (கையில் வைத்திருக்கும் டிரேட்) வரை சேர்ப்பது என்பதுதான். என் புத்தகத்தில் பென்சில் படாமல் கிடந்த அதே விஷயம்! விதிகளைப் பேப்பரில் போட்டாலும் யாரும் பின்பற்ற மாட்டார்கள் என்று டென்னிஸே சொல்லியிருக்கிறார். விதியை அறிவதற்கும், அது தொடர்ந்து ஏழு முறை தோற்றபிறகு எட்டாவது முறையும் அதே அளவில் ஆர்டர் போடுவதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் அவர் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் தூரத்தை எனக்குப் புரியவைத்தது ஜெஸ்ஸி லிவர்மோரின் வாழ்க்கை. எட்வின் லெஃபவர் 1923-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி எழுதிய நூலை இன்றும் டிரேடர்கள் முதல் புத்தகமாகச் சிபாரிசு செய்கிறார்கள். 1907 வீழ்ச்சியிலும் 1929 வீழ்ச்சியிலும் பெரும்பணம் ஈட்டியவர். 1934-இல் திவாலானார். 1940 மார்ச்சில் தன் விதிகளைத் தானே ஒரு புத்தகமாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நஷ்டத்தில் இருப்பதோடு மேலும் சேர்க்காதே, பிறர் பேச்சைக் கேட்டு வாங்காதே என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றை மீறிய ஒவ்வொரு முறையும் என்ன ஆனது என்பதும் தெரியும். லெஃபவரின் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை அவர் ஜெயித்த இடங்களைத் தேடிப் படித்தேன். பிப்ரவரிக்குப் பிறகு படித்தபோது, தெரிந்தே தவறிய இடங்களில் நின்று நின்று படித்தேன். இரண்டாவது வாசிப்பில் எனக்குக் கிடைத்தது ஒரு துணை. இவ்வளவு பெரிய ஆளுக்கே இது நடந்திருக்கிறது, எனக்கு நடந்ததில் அவமானப்பட எதுவுமில்லை, ஆனால் தடுக்க நிறைய இருக்கிறது என்று தோன்றியது. கதையாக எழுதப்பட்ட புத்தகம் செய்யக்கூடியது இது. வேறு எந்த வீடியோவும் எனக்கு இதைச் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் அலமாரியில் இருக்கிற நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்காக எழுதப்பட்டவை, பலவும் பழையவை. அவற்றில் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே எக்ஸர்சைஸ் செய்வது, அதாவது அந்த உரிமையைப் பயன்படுத்துவது, பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே இண்டெக்ஸ் ஆப்ஷனும் சரி, 2011 முதல் பங்கு ஆப்ஷனும் சரி, ஐரோப்பிய வகைதான். எக்ஸ்பைரி அன்று மட்டுமே எக்ஸர்சைஸ். மறுபுறம், 2019 அக்டோபர் முதல் இங்கே எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்களுக்கும், அதாவது பங்குகளின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்களுக்கும், பிசிக்கல் செட்டில்மென்ட், பங்காகவே கொடுத்து வாங்கும் முறை. லாபத்தில் இருக்கிற ஸ்டாக் ஆப்ஷனை மறந்துபோய் எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் முழு லாட்டுக்கான பணமோ பங்கோ கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பதறியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. நிஃப்டி லாட் 2024-இன் தொடக்கத்தில் 50, ஏப்ரலில் 25, நவம்பரில் புதிய ஒப்பந்தங்களுக்கு 75. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரி அதே நவம்பரோடு நின்றுவிட்டது. ஆப்ஷன் விற்பனை மீதான எஸ்டிடி வரி அந்த அக்டோபரில் 0.0625-லிருந்து 0.1 சதவீதமானது. எந்தப் புத்தகமும் இந்த வேகத்துக்கு அச்சாக முடியாது. இதற்கெல்லாம் செபி, என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) சுற்றறிக்கைதான் படிக்க வேண்டும். அடிப்படைக்கு, செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்-இன் தேர்வுக்குரிய ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் பாடநூல் இணையத்தில் கிடைக்கிறது. சுவாரசியமாக இருக்காது. ஆனால் ஒப்பந்தம் என்றால் என்ன, மார்ஜின் (ஈடாகக் கட்டும் பணம்) எப்படிக் கணக்கிடப்படுகிறது, எக்ஸ்பைரி அன்று என்ன நடக்கும் என்பதை நம் ஊர் விதிப்படி சொல்கிற நூல் அது. பதினோரு புத்தகத்துக்கும் முன்னால் நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு அடிப்படை நூல்களுக்குக் குறைவில்லை. சோம. வள்ளியப்பனின் "அள்ள அள்ளப் பணம்" வழியாகத்தான் என் அலுவலகத்திலேயே மூன்று பேர் பங்குச்சந்தைக்குள் வந்தார்கள்.

இனி பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் என் தம்பிக்கான பதில் முழுதாகாது.

பெரியப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறைகளில் என்னையும் கூட்டிப்போவார். மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார்கள். ஒரு விரலி மஞ்சளை எடுத்து என் காதருகே வைத்து ஒடித்துக் காட்டுவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உலோகத்தைத் தட்டியது போல "டங்" என்று ஒரு சத்தம். ஈரம் இருந்தால் சத்தமே வராது, வளைந்துதான் ஒடியும். "கேட்டுக்கிட்டயா கண்ணு?" பிறகு ஒடிந்த இடத்தின் நிறத்தைக் காட்டுவார். அந்தச் சத்தத்தை எந்த ஏட்டிலும் எழுத முடியாது. ஆனால் ஒடித்துப் பார், சத்தத்தைக் கேள், உள்நிறத்தைப் பார் என்று முதலில் யாராவது சொல்லியிருக்காவிட்டால், மண்டியில் பத்து வருடம் மூட்டை தூக்கினாலும் நான் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன். புத்தகத்துக்கும் சந்தைக்கும் உள்ள உறவை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரலிதான் ஞாபகம் வரும்.

அவரிடம் நீளவாக்கில் சிவப்புத் துணி பைண்டிங் போட்ட சிட்டை ஒன்று இருக்கும். ஏலத்தில் என்ன விலைக்கு எடுத்தது, யாருடைய சரக்கு, எத்தனை மூட்டை, பிறகு என்ன விலைக்குப் போனது, எல்லாம் அன்றன்றைக்கு ஏறிவிடும். விலை சரிந்த நாளில் முதலாளி முகம் கொடுத்துப் பேச மாட்டார், ஆட்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். பெரியப்பா மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வந்ததை நாளைக்குக்கூட எழுதிக்கலாம் கண்ணு. போனதை இன்னைக்கே எழுதிப்போடோணும். நாளைக்கின்னா மனசு காரணம் சொல்லிப்போடும்" என்பார்.

2022 கடைசியில் அதே மாதிரி நீள நோட்டு ஒன்றை வாங்கி நானும் எழுத ஆரம்பித்தேன். ஆர்டர் போடும் முன்பே நான்கு விஷயம்: ஏன் வாங்குகிறேன், எவ்வளவு, எங்கே வெட்டுவேன், அப்படி வெட்டினால் எத்தனை ரூபாய் போகும். முடிந்தபின் ஐந்தாவதாக, சொன்னபடி செய்தேனா. பிறகுதான் புத்தகங்களை மறுபடி எடுத்தேன், அப்போதுதான் அவை பேசத் தொடங்கின. நஷ்டத்தை வெட்டுவதற்கு முன்பே குறித்துவைத்த விலையான ஸ்டாப் லாஸை நகர்த்தாதே என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது வெறும் வாக்கியம். என் நோட்டில் நாற்பது டிரேடில் பதிமூன்று முறை நகர்த்தியிருக்கிறேன், அதில் பதினொன்றில் நஷ்டம் பெரிதாகியிருக்கிறது என்று என் கையெழுத்திலேயே பார்த்தபிறகுதான் அந்த வாக்கியத்துக்கு அடியில் பென்சில் வைத்தேன். இப்போது எக்ஸ்பைரி நாள் ஆப்ஷன் வாங்குவதை நிறுத்திவிட்டேன். மாதத்துக்கு நான்கைந்து டிரேடுக்கு மேல் இல்லை, அளவும் சிறிது. இழந்ததை மீட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், மீட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்படி ஒரு வியாழக்கிழமை எனக்கு வரவில்லை.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்கு வந்தான். உக்கடத்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். படங்கள் உள்ள அத்தியாயங்களை எல்லாம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். கடைசி அத்தியாயத்தைக் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு முதலில் படி, ரப்பர் பேண்டை அதற்கப்புறம் கழற்று என்றேன். கூடவே ஒரு நீள நோட்டும் ஒரு பழைய கவரும். பணம் போடாதே, பழைய சார்ட்டுகளை எடுத்து வலப்பக்கத்தை மூடு, முடிவை எழுதிவிட்டு ஒவ்வொரு கேண்டிலாகத் திற என்றேன்.

"பணமே போடாமப் படிச்சா பயம் எப்படிங்க்கா தெரியும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தெரியாதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். அறுபது சார்ட் செய்திருந்தான். "இருபத்தெட்டுதாங்க்கா சரியாச்சு" என்று நோட்டை நீட்டினான். சரியானதை நான் பார்க்கவில்லை. தவறிய முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் சுருக்கமாக எழுதியிருந்தான். நாற்பத்தோராவது சார்ட்டுக்கு நேரே மட்டும் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது: "ஸ்டாப் லாஸ் கிட்ட வந்துது. கவரை நகர்த்தறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள அதைக் கீழ எறக்கிட்டேன். அப்புறம்தான் தெறந்தேன்."

"இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரீலைங்க்கா. நீங்க போட்டுக் குடுத்த அஞ்சுலயும் சேரல" என்றான்.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாவதாக ஒரு கட்டம் போட இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஓரத்தில் ஒரு விரல் அகலம் இருந்தது.